லில்லியின் மூச்சும் என் பஞ்சுப் போர்வைகளும்

என் மகள் லில்லிக்கு அப்போது ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஒரு காலை, உக்குவளையில் எங்கள் வீட்டு நடு அறையில், அவள் என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடினாள். படுக்க வைத்தால் திமிறி எழுந்துவிடுவாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. அழக்கூட அவளுக்குக் காற்று இல்லை. என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் பின்னுகிற என் கை நின்றுவிடும்.

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆனால் என் பிள்ளைக்கு இருந்த தட்டுப்பாடு காற்று. அதை எந்தக் கூப்பனுக்கும் தரமாட்டார்கள்.

சபை மக்களே, இதை எழுதுகிற ராகேல் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். என் பின்னலில் பிழை இருந்தால் மட்டும் என்னிடம் கொண்டுவாருங்கள். இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை.

நான் ரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். சின்ன வயதிலேயே பங்களாவில் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனேன். அங்கே வெள்ளைக்காரத் துரைசாணி மாலை நேரத்தில் உட்கார்ந்து மேஸ் பின்னுவாள். காலுக்குப் போடுகிற கம்பளி மேஸ். அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான்தான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அவள் விரலைப் பார்த்தேன். பழைய குடைக்கம்பியைக் கல்லில் உரசி உரசி எனக்கு ஊசி செய்துகொண்டேன். கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்து நூல் எடுத்தேன். நான் பின்னிய முதல் ஜோடியைப் பார்த்துவிட்டு அவள் தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. சுதந்திரம் வந்தபிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். போகும்போது அவள் மீந்த நூலையெல்லாம் ஒரு பையில் போட்டு எனக்குத் தந்துவிட்டுப் போனாள். என் வியாபாரத்துக்கு முதல் அந்தப் பைதான்.

பிறகு உக்குவளையில் கொக்கோ ஸ்டோரில் வேலை செய்த தேவதாசனைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். நல்ல மனிதர், கொஞ்சம் வாய். அவர் சட்டையில் எப்போதும் புளித்த கொக்கோ வாசம் அடிக்கும். இப்போது எங்கேயாவது அந்த வாசம் வந்தால் நின்று மூச்சு இழுத்துவிட்டுத்தான் நடப்பேன். நானுஓயாப் பக்கம் குளிரில் வேலை செய்கிற ரயில்காரர்கள் என் மேஸ் கேட்டு வருவார்கள். சால்வைக்கு மாத்தளையிலிருந்து ஆள் வரும். பஞ்சுப் போர்வைக்கோ சொல்லவே வேண்டாம். ஹனிபா நானாவின் தையல் கடையில் விழுகிற துண்டுத் துணிகளை வாங்கி, நிறம் பார்த்து அடுக்கி, ஒட்டித் தைத்து, உள்ளே இலவம் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகக் குத்துத் தையல் போடுவேன். துவைத்தால் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடாது. மண்சுவர் கல்சுவர் ஆனது என் ஊசியால். தகரம் ஓடு ஆனதும் என் ஊசியால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் மேல் தோட்டத்து வயசாளிகளுக்கு என் பங்கு சால்வை போகும். சபைப் பெண்கள் சங்கத்து டீச்சரம்மாவும் பின்னுவார்கள். அவர்கள் பின்னியதில் விரல் நுழையும். என்னுடையதில் தண்ணீர் நுழையவே யோசிக்கும்.

இலவம் பஞ்சு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வெயில் காலத்தில் காய்களை வாங்கி முற்றத்தில் வெடிக்கவிட வேண்டும். பிறகு பஞ்சைக் கொட்டை நீக்க வேண்டும். அதை வெளியே செய்ய முடியாது. சின்னக் காற்று போதும், பாதிப் பஞ்சு பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும். அதனால் அறைக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கீழே துணி திணித்து, கவைக்குச்சியால் சுழற்றிச் சுழற்றி அடிப்போம். கொட்டை அடியில் விழும், பஞ்சு மேலே எழும். அறை முழுக்க வெள்ளையாக மிதக்கும். நானும் பக்கத்துப் பெண்களும் தலையில் துணி கட்டிக்கொண்டு, கண் இமையெல்லாம் நரைத்துப்போய், ஒருத்தியை ஒருத்தி கிழவி என்று கூப்பிட்டுச் சிரிப்போம். பாட்டுப் பாடுவோம். அந்தச் சிரிப்புக் கூட்டத்தில் இன்று நான் மட்டும்தான் மிச்சம். லில்லி அந்தப் பஞ்சுக்குள்ளேதான் தவழ்ந்தாள், நடந்தாள், உருண்டு விளையாடினாள். சுத்தம் செய்த மூட்டைகளை நடு அறையில் கூரை வரை அடுக்குவேன். அதே அறையில்தான் பிள்ளை தூங்குவாள். சூடான அறை அது ஒன்றுதானே.

இழுப்பு வந்தபோது எல்லோரும் குளிர் என்றார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் அப்படித்தான் சொன்னார். சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தையா நெஞ்சில் தேய்க்க எண்ணெய் தந்து, குளிர் படாமல் பாருங்கள் என்றார். குளிர் என்று சொன்னால் அது என் தொழில். நான் விடுவேனா? முழங்கால் வரை மேஸ் பின்னிப் போட்டேன். ஒரு போர்வை போதவில்லை என்று இரண்டாவது. புதுப் பஞ்சு தடிப்பாக வைத்து மூன்றாவது. ஜன்னல் இடுக்கிலும் பஞ்சையே திணித்தேன். எவ்வளவு போர்த்தினேனோ அவ்வளவு இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் போர்த்தினேன்.

துண்டுத் துணி கொண்டுவரும்போதெல்லாம் ஹனிபா நானா வாசலிலேயே தும்முவார். "தங்கச்சி, ஒங்கட ஊட்டுக்குள்ள வந்தா எனக்கு மூக்கு நிக்குதில்ல" என்பார். உள்ளே வரச் சோம்பல், அதற்கு ஒரு சாக்கு என்று கேலி செய்வேன்.

முதலில் சொன்ன அந்தக் காலையில் தேவதாசன் ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தார். மாத்தளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குழாய் வைத்து, பிள்ளையை மீட்டார்கள். வார்டில் இருக்கிற வரை நன்றாக இருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து போர்த்திப் படுக்க வைத்தேன். மறுபடி தொடங்கிவிட்டது. அனுப்பும்போதே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் சின்ன நெஞ்சு தாங்காது என்று.

அன்றைக்குத்தான் நான் உண்மையாக முழங்காலில் நின்றேன். அதுவரை என் ஜெபமெல்லாம், ஆண்டவரே நான் இத்தனை சால்வை கொடுத்தேன், பார்த்துக்கொள்ளும் என்கிற மாதிரி இருக்கும். அன்று அந்த வார்த்தை வரவில்லை. பஞ்சு மூட்டையில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னேன்:

"என் கையில உள்ளத எல்லாம் எடுத்துக்கங்க ஆண்டவரே. அவ மூச்ச மட்டும் எனக்கு விட்டுடுங்க."

அவ்வளவுதான். வேறு ஜெபம் எனக்குத் தெரியாது.

மறுநாள் மழை விட்ட நேரம் டீச்சரம்மா குடையோடு வந்தார்கள். மேலே ஒரு தோட்டத்தில் மண் சரிந்து லயம் போய்விட்டது. உயிர்ச் சேதமில்லை. ஆனால் உடுத்த துணியோடு இறங்கி வந்த குடும்பங்கள் சபைக் கோயில் மண்டபத்தில் ஈரச் சிமெந்துத் தரையில் கிடக்கின்றன என்றார்கள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்கள்: "பழசு ஏதாவது இருந்தா குடுங்க ராகேல். கிழிஞ்சது இருந்தாலும் பரவாயில்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கிழிஞ்சது என் வீட்டுல இல்ல டீச்சர்" என்றேன். "என் தையல் எப்படின்னு டவுன்ல கேட்டுப் பாருங்க."

அலுமாரியைத் திறந்தேன். கிறிஸ்மஸ் விற்பனைக்கு வைத்திருந்த போர்வை எல்லாம் எடுத்து வெளியே வைத்தேன். சால்வை, மேஸ், ஸ்வெட்டர் பிரித்த நூல் உருண்டை, எதையும் விடவில்லை. கோபத்தில்தான் எடுத்தேன், அதை மறைக்கமாட்டேன். பாதியில் என் கை நின்றது. நேற்று நான் என்ன சொன்னேன்? என் கையில் உள்ளதை எல்லாம் என்று சொன்னேன். இதோ கேட்டு ஆள் வந்து வாசலில் நிற்கிறார். ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நான் நினைக்கவில்லை. டீச்சரம்மா உருவத்தில் வருவார் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எடுத்தது கோபத்தில் அல்ல. மாட்டு வண்டி கூப்பிட்டு, கீழே விரிக்கச் சாக்குப் பஞ்சு உதவும் என்று மூட்டைகளையும் ஏற்றினேன். கடைசியில் லில்லியின் மூன்று போர்வைகள் மட்டும் பாயில் இருந்தன.

"அது புள்ளைக்கு இருக்கட்டும்" என்றார்கள் டீச்சரம்மா, குரல் இறங்கிப்போய்.

"எல்லாம்னு சொல்லிட்டேன் டீச்சர்."

அப்போது தேவதாசன் வேலையிலிருந்து வந்தார். வண்டியைப் பார்த்தார், வெறும் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தார். என்னைக் கைநீட்டி அடிக்காத மனிதர். அன்று அவர் சொன்னது அடியைவிட மோசம். "புள்ள குளிர்ல போயிட்டா எதப் போர்த்தித் தூக்குறது? அதையும்தான் குடுத்துட்டியே."

 பயம் எனக்கும் இருந்தது.

மண்டபத்துக்கு நானே வண்டியோடு போனேன். என் போர்வைக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சுருண்டு சிரித்ததையும், ஒரு தாத்தா பெண்களுக்குப் பின்னிய ரோஸ் நிறச் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, யாராவது சிரித்துப் பார்க்கட்டும் என்று சுற்றிப் பார்த்ததையும் இன்றைக்கும் கண்ணில் வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த எந்தக் காசும் அந்தச் சுகத்தைத் தந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பினால் நடு அறை வெறுமையாக இருந்தது. மூட்டை இருந்த இடமெல்லாம் தூசியும் பஞ்சும். வெறும் அறையை அப்படி விட எனக்கு மனமில்லை. தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினேன், ஒட்டடை அடித்தேன். தரை காய ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. ஜன்னல் இடுக்குப் பஞ்சும் போனது. லில்லியை என் பழைய நூல்சேலையில் சுற்றி அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் எப்போது எழும் என்று காத்திருந்தேன். கூட்ஸ் ரயில் போனது. தவளை கத்தியது. பிள்ளையின் நெஞ்சு மட்டும் அமைதியாக ஏறி இறங்கியது. காத்திருந்தே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் அவள்தான் என்னை எழுப்பினாள். "அம்மா, பசிக்குது" என்றாள். பல மாதமாக அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தேங்காய்ப்பூவோடு தின்றுவிட்டு முற்றத்தில் ஓடினாள். ஓடாதே என்று சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டேன். தேவதாசன் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து அவள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மழை முடியும் வரை அவளுக்கு இழுப்பு வரவில்லை.

கதை இங்கே முடியவில்லை. வெயில் வந்தது, புது இலவம் பஞ்சு வந்தது. வழக்கம்போல் நடு அறையில் அடித்தோம். அன்று பொழுது சாய்வதற்குள் லில்லி இழுக்கத் தொடங்கினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்கு ஓடினேன். இந்த முறை இருந்த டாக்டர் என் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் சொன்னார், குளிர் இல்லையம்மா, இந்தத் தூசிதான் அவளுக்கு ஆகாது, அது வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

பஸ்ஸில் வரும்போது தேவதாசன் என்னைச் சீண்டினார். "அப்ப ஜெபமும் இல்ல கிபமும் இல்ல. பஞ்சுதான்."

நான் கேட்டேன்: "பஞ்சுன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. டிஸ்பென்சருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதப்ப, வீட்ட மூலை முடுக்கெல்லாம் என்னயே காலி பண்ண வச்சது யாரு?"

 ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டுத் தோட்டத்துக் கடைசியில் பஞ்சு வேலைக்கென்று எனக்கு ஒரு கொட்டில் கட்டத் தொடங்கினார். ஹனிபா நானா கேள்விப்பட்டு, "இத்தன வருஷமா நான் தும்மித் தும்மிச் சொன்னேன், கேட்டீங்களா?" என்று சிரித்தார். அந்த ஒன்றை மட்டும் நான் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

அதற்குப்பின் என் வீட்டுக்குள் இலவம் பஞ்சு ஏறவில்லை. பழைய நூல்சேலைகளை அடுக்கடுக்காக வைத்துப் போர்வை தைக்கப் பழகினேன். கேள்விப்பட்டு வந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் தையலும் பரவாயில்லை. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும், யாரும் குடை பிடித்துக்கொண்டு கேட்க வருமுன்னே, அலுமாரியைக் காலி செய்து நானே அனுப்பிவிடுகிறேன். டீச்சரம்மா உயிரோடு இருந்த வரை வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கண் மூடும்போது நான் பின்னிய சால்வையைத்தான் போர்த்தச் சொன்னார்கள். தன்னுடையதை அல்ல.

இதை வாசிக்கிற யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை, ஒரு நோயாளி, உங்கள் கண்ணெதிரே தவிக்கலாம். நீங்களும் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துக் களைத்திருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையை இறுக்கி மூடிக்கொள்ளாதீர்கள். அவர் ஒன்றைத் தருவதற்கு முன்னால் ஒன்றை எடுக்க வரலாம். ஏன் என்று அப்போது விளங்காது. எடுக்கட்டும் என்று விடுங்கள்.

லில்லி இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். எங்கள் சபைப் பாடகர் குழுவில் மேல்சுருதி அவளுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் பாடும்போது எல்லோரும் பாட்டைக் கேட்கிறார்கள். நான் பாட்டைக் கேட்பதில்லை. ஒரு அடி முடிந்து அடுத்த அடி எடுப்பதற்கு முன்னால், அவள் காற்றை உள்ளே இழுக்கிற அந்தச் சின்ன இடைவெளிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பேன். அதில் ஒரு சத்தமும் இல்லை. ஸ்தோத்திரம்.