சிவப்பாகிப் போன சரிவு

அந்த வரைபடத்தை முழுதாக அச்சிட்ட தாளில் நான் முதலில் பார்த்தது எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒபிஸ் மேசையில்தான். வீடு கட்ட நிலம் கேட்டுப் போன பதினொரு குடும்பத்தார் வாசலில் நின்றார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கோபப்படவில்லை. தாளை விரித்து, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலே இருக்கும் சரிவில் விரலை வைத்தார். அந்த இடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"இது சிறுத்தை இருக்கிற இடம். நான் சொல்லல, ஆராய்ச்சி சொல்லுது. இங்க வீடு கட்டக் குடுக்க ஏலாது."

தாளின் அடியில் அந்த ஆராய்ச்சியைச் செய்த மிஸ்ஸின் பெயர் இருந்தது. அதற்கும் கீழே, நன்றி சொல்லும் சிறிய எழுத்தில், என் பெயரும் இருந்தது.

மிஸ் பதுளை டவுனில் பிறந்தவர். அவருடைய அப்பா பள்ளிக்கூட அதிபர், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவிலும் முன்னால் நிற்பவர். காட்டு விலங்குகள் எங்கே வாழ்கின்றன, இனி எங்கே வாழக்கூடும் என்று கணிப்பதுதான் மிஸ்ஸின் ஆராய்ச்சி. அதை அவர் எனக்கு விளக்கியது எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தின் தரையில் உட்கார்ந்து. சிறுத்தையைக் கண்ட இடங்களைப் புள்ளிகளாகக் குறிக்க வேண்டும். அந்த இடங்களின் உயரம், மழை, மரம், தண்ணீர்த் தூரம் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால், அதே மாதிரி இருக்கும் மற்ற இடங்களையும் அது தேடிச் சிவப்பாகக் காட்டும். எந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல அது போதும் என்றார்.

நான் அந்தக் காப்பகத்தில் வேலை செய்து பத்து வருடம் ஆகியிருந்தது. காலையில் பெயர் பதியும் பெரட்டு முடிந்து கொழுந்து எடுக்கப் போகும் முன், பெண்கள் என்னிடம்தான் பிள்ளைகளை விடுவார்கள். தோட்டத்தில் யார் எதைக் கண்டாலும் அந்தக் கால் மணி நேரத்தில் என் காதுக்கு வந்துவிடும். "ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, எனக்காகக் கொஞ்சம் எழுதி வைக்கிறியா?" என்று மிஸ் கேட்டார். எழுதினேன். எல்லாரையும்விட அதிகமாகச் சொன்னது என் அத்தைதான். அப்பாவின் தங்கச்சி. பதினாறு வயதிலிருந்து கொழுந்துக் கூடை சுமப்பவள். பீலிக்கரையில் தடம் பார்த்தேன், மேல் பாதையில் வால் பார்த்தேன், நாயைத் தூக்கிட்டுப் போச்சு என்று வந்து சொல்லுவாள். சிறுத்தையை எங்கள் ஆட்கள் புலி என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் பயத்தோடு ஒரு பெருமையும் இருக்கும். மிஸ் வந்தால் அவளைத்தான் முதலில் விசாரிப்பார்.

ஒபிஸிலிருந்து திரும்பும்போது அத்தை வழியில் நின்றுவிட்டாள்.

"அப்ப, நாங்க சொன்னத வச்சே எங்களுக்கு எடமில்லன்னு சொல்றாங்களா?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். உதறினாள்.

"இனி புலியக் கண்டாலும் பூனைன்னுதான் சொல்லுவேன். ஓங்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு அப்போதே வெடிப்பு விட்டிருந்தது. ஆபத்தான இடம், வெளியேறுங்கள் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். போக இடம் எதுவும் தரவில்லை. உறுதியான நிலம் என்று அவர்களே காட்டியது அந்தச் சரிவு ஒன்றைத்தான்.

மறுநாளே ஹாலிஎல போய், பஸ் மாறி, பதுளையில் மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. பிறகு என் குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் அதை யார் பார்த்தது, எங்கே போகும்போது பார்த்தது என்று எழுதச் சொன்னார். எழுத எழுத எனக்கே விளங்கியது. லயத்திலிருந்து பீலி, பீலியிலிருந்து மேல் பாதை, பாதையிலிருந்து கொழுந்து மலை. புள்ளிகள் எல்லாம் எங்கள் பெண்களின் கால் வழியிலேயே கிடந்தன.

மிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது புலி நடக்கிற எடம் இல்ல. நீங்க நடக்கிற எடம். ஆளே போகாத காட்டுல யாரு பாத்து சொல்றது? தெரியலன்னு எழுத வேண்டிய எடத்துல இல்லன்னு எழுதி வச்சிருக்கேன்."

அவர் சும்மா இருந்திருக்கலாம். கட்டுரை வெளிவந்து, பாராட்டும் கிடைத்திருந்தது. அவர் தன் கணிப்பில் பிழை இருக்கிறது என்று அதை அச்சிட்ட இதழுக்கே எழுதினார். அந்த ஒரு கடிதத்தோடு அவருடைய திட்டத்துக்கு வந்த பண உதவி நின்றது. கூட வேலை செய்தவர்கள் விலகிப் போனார்கள். மலையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஆள் போகிற இடம் போகாத இடம் என்று பாராமல் எல்லாச் சதுரத்திலும் ஒரே அளவு நடந்து தடம் தேட வேண்டும் என்று ஆரம்பித்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நடக்க நான் மட்டும்தான் இருந்தேன். அட்டைக்கடி, மூடுபனி, முழங்கால் வரை சேறு. இரண்டாவது மாதத்தில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து அவருடைய வலது முழங்கால் பிசகியது. கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பவும் வந்தார்.

ஒருநாள் பாறையில் உட்கார்ந்து காலை நீவியபடி கேட்டார்: "நான் இப்ப ஆபத்தில்லன்னு சொல்லி, வீட்டைக் கட்டி, அங்க ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" இருவருக்கும் மூச்சு வாங்கியது. எழுந்து அடுத்த சதுரத்துக்கு நடந்தோம்.

அந்த வேலை முடியுமுன் மண் சரிந்தது. ஐப்பசி மழை, பகல் பதினொரு மணி. பெண்கள் மலையில் இருந்தார்கள், பிள்ளைகள் என்னிடம் இருந்தார்கள். லயத்தின் கடைசி இரண்டு காம்பரா வீடுகள் மண்ணுக்குள் போயின. காய்ச்சலில் படுத்திருந்த மாமாவை, அத்தையின் கணவரை, இடுப்பு முறிந்த நிலையில் தோண்டி எடுத்தார்கள். ஏழு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். சாவு வீட்டுக்கு மிஸ் வந்தார். நொண்டிக்கொண்டே படி ஏறி வந்து, வாசலில் குடையோடு நின்றார். அத்தை அவரைப் பார்த்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மிஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அந்தக் களைப்பு இன்னும் எனக்குத் தீரவில்லை.

புதிய வரைபடத்தில் உச்சிக் காடு கடும் சிவப்பாக இருந்தது. நாங்கள் யாரும் கால் வைக்காத இடம் அது. சரிவு வெளிறிப் போயிருந்தது. அங்கே சிறுத்தை வாழவில்லை, ஓடையை ஒட்டிக் கடந்து போகிறது. ஓடைக்கரையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வீடு கட்டலாம் என்று மிஸ் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கினோம் என்று எனக்கு நினைவில்லை. கட்டி முடித்த வீடுகளின் சாவி கையில் கிடைத்தபோது பதினொரு குடும்பத்தில் நான்கு குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டிருந்தது.

போன மாதம், பதுளைக்குப் போகிறேன் என்று சொன்னபோது, நானும் வர்றேன் என்று அத்தை சேலை மாற்றிக்கொண்டாள். மிஸ் இப்போது வீட்டை விட்டு அதிகம் இறங்குவதில்லை. முழங்கால் மடங்காது. நாங்கள் உள்ளே போனதும் அத்தையை அடையாளம் கண்டு எழப் பார்த்தார்.

"இருங்க மிஸ், எந்திரிக்காதீங்க," என்றாள் அத்தை. எதிரே உட்கார்ந்தாள். தேத்தண்ணி வந்தது. மிஸ்தான் மெதுவாக, "தண்ணி வசதி வந்திருச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. பீலிக்குத்தான் போறோம்." அத்தை கோப்பையைக் கீழே வைத்தாள். "முந்தாநாள் காலைல அங்க பாத்தேங்க மிஸ். புலி. கூட ரெண்டு குட்டி."

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பழக்கதோஷத்தில் நான் பையில் பேனாவைத் தேடினேன். மிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அத எழுத வேணாம்," என்றார். அத்தையின் பக்கம் திரும்பி, "குட்டிங்க எப்படி இருந்திச்சு? சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.