கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணீர்

இங்கே பனி உறையாமல் இருக்க ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள். குளிர் முற்றினால் ஒரு லொறி வந்து, கோழிக்குத் தீன் எறிவது போல உப்பை எறிந்துகொண்டு போகும். உப்புக் காற்றுக்குப் பயந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டே வளர்ந்த, இலங்கைக் கல்முனைக்காரனுக்கு இதைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்லுங்கள். பனி கரைந்து, அந்த உப்புத் தண்ணீர் முன்னால் போகிற வாகனத்தின் சக்கரத்தில் இருந்து தெறித்து, நம் காரின் கண்ணாடியில் வெள்ளையாகக் காய்ந்துவிடும். தண்ணீர் பீய்ச்சாமல் கொஞ்ச தூரமும் ஓட முடியாது. வந்த புதிதில் நான் ஊர்ப் பழக்கத்தில் வாஷர் டாங்கிக்குள் பைப் தண்ணீரை ஊற்றி வைத்தேன். விடிந்து பார்த்தால் அது கட்டியாகி, குழாய் வெடித்து, தண்ணீர் பீய்ச்சுகிற நொசில் இரண்டும் பிளந்து கிடந்தன. உறையாத நீலத் தண்ணீர் என்று ஒன்றைக் கடையில் விற்கிறார்கள், அதைத்தான் ஊற்ற வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரில், கராஜ் ஒன்றில் எனக்கு வேலை. வருடாந்தப் பரிசோதனைக்குப் போகும் கார்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பாடு. மற்ற வேலைகளில் நான் சாதாரண ஆள். வாஷர் நொசில் என்று வந்தால் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். போன குளிரில் வயதான ஒரு பெண் கார் கொண்டுவந்தார். ஒரு நொசில் அடைப்பு. மற்றது கூரைக்கு மேலால் அடித்து, பின்னால் நின்றவனை நனைத்தது. அடைபட்டதை மாற்ற வேண்டும், மற்றதை ஊசியால் திருப்பினால் போதும் என்றேன். "வெறும் தண்ணீர்தானே, அடுத்த முறை பார்க்கலாம்" என்றார் அவர். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கிற ஆங்கிலத்தைக் கூட்டி, "ஆள் சாகும்" என்றேன். அவர் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் சிரித்துக்கொண்டு சொல் என்றார். ஆள் சாகும் என்பதை எப்படி ஐயா சிரித்துக்கொண்டு சொல்வது?

செத்த ஆளின் பெயர் ஆதம்பாவா. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலமுனைக்காரர். வயலில் இருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடித்தது என் தம்பி றிஸ்வானின் வேன். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனைக்கு ஆட்களை ஏற்றி ஓடுகிறவன் அவன். அறுப்புக் காலத்தில் பொழுது சாயும் நேரம் அந்த ரோட்டில் வாகனம் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வயல் பூச்சிகள் வந்து கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் எண்ணெய் மாதிரி இழுபட்டு, இருந்த பார்வையும் போய்விடும். தம்பியின் வேனில் நொசில் வேலை செய்து யார் கண்டது! மூடியில் துளை போட்ட தண்ணீர்ப் போத்தல் ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஜன்னலால் கையை வெளியே விட்டு, ஓடுகிற போக்கிலேயே கண்ணாடிக்குப் பீய்ச்சுவான். ஊரில் அநேகமான ஆட்கள் செய்கிற வேலைதான் அது.

இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குக் கிட்ட. தினமும் அந்த நேரத்தில்தான் தம்பிக்குப் போன் எடுப்பேன். அன்றைக்கும் எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. தொழப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு சோற்றைத் தின்றேன். செய்தி வந்தது வேலை முடிந்த பிறகு. பூச்சி அடித்துக் கண்ணாடி தெரியவில்லை என்று பொலிசில் சொன்னான், கோட்டில் சொன்னான், எனக்கும் சொன்னான். ஆதம்பாவாவின் மனைவி பள்ளிவாசல் நிர்வாகத்தாரின் முன்னால், "அல்லாஹ்ட நாட்டம், நாங்க பொறுத்துட்டம்" என்று சொல்லிவிட்டார். தம்பியால்தான் பொறுக்க முடியவில்லை. வழக்கு முடிந்து, லைசன்ஸ் திரும்பக் கைக்கு வந்தும் அவன் ஸ்டேரிங்கைத் தொடவில்லை. வேன் வீட்டு வளவுக்குள் நின்றது. அவன் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்துதான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவனை மறுபடி வேனில் ஏற்றிவிட வேண்டும். இந்த ஒரே எண்ணத்தோடுதான் போன லீவுக்கு ஊருக்குப் போனேன். புது நொசில் இரண்டையும் கொஞ்சம் ரப்பர் குழாயையும் உடுக்கிற சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பொனட்டைத் திறந்தால், பழைய நொசில்களின் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. குழாய் வெயிலில் விறைத்து, தொட்டதும் ஒடிந்தது. எல்லாவற்றையும் மாற்றி, டாங்கியை நிரப்பி, கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழுகிற மாதிரி ஊசியால் திருப்பினேன். ஓடும்போது காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், அதற்காக. தம்பி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்ச வாடா, ஏறி இருந்து அமத்திப் பாரு."

"நீங்களே பாருங்க காக்கா." அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஓட்டப் போறது நீயாடா, நானாடா? வா."

வந்து ஏறினான். சுவிட்சை அமத்தினான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பாய்ந்து விழுந்தது. வைப்பர் ஒரு இழுவையில் துடைத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? இது மட்டும் அண்டைக்கு இருந்திருந்தா..."

அவன் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை அமத்தினான்.

"அண்டைக்குக் கண்ணாடி நல்லாத்தான் காக்கா இருந்திச்சி."

"என்னடா செல்றாய்?"

"பூச்சி அடிச்சது உண்மதான். போத்தலால கழுவிட்டன். பளிச்செண்டு தெரிஞ்சிச்சி. பொறகுதான் போன் அடிச்சிச்சி. நீங்கதான். எடுக்காட்டி கவலப்படுவீங்களே எண்டு குனிஞ்சன்."

பொனட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவ்வளவு நாளும் ஏன்டா செல்லல்ல?"

"செல்லியிருந்தா நீங்க பொறகு எனக்குப் போன் எடுப்பீங்களா காக்கா?"

வேன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. நான் இங்கே வந்துவிட்டேன். மதியம் ஆனதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. அவன் இப்போது வாகனம் ஓட்டுவதில்லை, வீட்டில்தான் இருப்பான், நான் கூப்பிட்டால் எடுப்பான். எனக்குத்தான் முடியவில்லை. அந்த நேரத்தில் அங்கே பொழுது சாய்கிறது என்பது தெரிந்துகொண்டே எப்படிக் கூப்பிடுவேன்? வெட்கமில்லாமல் சொல்கிறேன், கராஜின் கழிப்பறைக்குள் நின்று அழுதிருக்கிறேன்.

நேற்று மதியம், திருத்திய கார் ஒன்றை ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்துப் போனேன். ரோடெல்லாம் உப்பு. முன்னால் போன பஸ் சேற்றை வாரி அடித்தது. நான் பீய்ச்சினேன், வைப்பர் துடைத்தது, கண்ணாடி பளிச்சென்று ஆனது. அப்போது சட்டைப்பைக்குள் போன் அடித்தது. அந்த நேரத்தில் வேறு யார்? றிஸ்வான்தான். எடுக்காவிட்டால் கவலைப்படுவான். இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்து, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்து அடித்து நின்றது.