கையில் நிழல் வைத்து எழுதிய பெயர்

எழுத்துக்கு நிழல் வைத்தால் அழகு என்று நம்பி, ஒரு பெண்ணின் கையைப் பாழாக்கியவன் நான். சுவரைப் பாழாக்கியிருந்தால் அடுத்த தேர்தலுக்குள் எவனாவது சுண்ணாம்பு அடித்திருப்பான். கைக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

தனி இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மறியலுக்காக மரங்கள் சாய்ந்துகொண்டிருந்த காலம், எண்பதுகளின் பின்பாதி. மேடையில் பேச எனக்கு வாய் வராது, மரம் வெட்ட முதுகு வளையாது. ஆகவே சுவரெழுத்து. எழுத்துக்குக் காலில் ஒரு சுருள், முதுகில் ஒரு நிழல் என்று போட்டுத் தள்ளினேன். கள்ளக்குறிச்சி நூலகத்தில் அச்செழுத்து பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் பாதிவரை படித்திருந்தேன். பாதி படித்தவனுக்கு வருகிற தைரியம் முழுதாகப் படித்தவனுக்கு வராது.

என் நண்பன் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவன். புதிதாகக் கல்யாணம் ஆனவன். அவன் மனைவிக்குப் புருஷன் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும். ஆசை என்று சொல்ல முடியாது, தேவை. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ கேட்டால் கையை நீட்டுவார்கள். கேட்டவர் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரிஷிவந்தியம் திருவிழாவுக்கு மூவரும் போனோம். அங்கே பச்சை குத்துகிற பேட்டரி மிஷினோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“ஒத்தக் கோடா, பெருசா, எட்ட எட்ட எழுதச் சொல்லுங்கண்ணே,” என்றாள் அவள். ஐந்தாவது வரை படித்தவள். “கேக்கறவங்க சட்டுனு படிக்கணும்.”

“இது இன்னா பால் கேனாம்மா, ஒத்தக் கோட்டுல பேரு எழுத?” என்றேன் நான்.

மிஷின்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான். “எது வோணாலும் குத்திடலாம் சார். சினிமா எழுத்து கீது, தேளு கீது, அம்பு குத்தின ஆட்டின் கீது. நீங்க வரைங்க, நான் அது மேலயே ஓட்டிடறேன்.”

அவன் பேனாவை வாங்கி நானே அவள் முன்கையில் வரைந்தேன். நகை மாதிரி இருக்கட்டும் என்று நகத்தளவு எழுத்து. நான்கெழுத்துப் பெயர், நடுவில் ஒரு ழு. அந்த ழுவின் வாலை நான் சுருட்டிய சுருட்டலைப் பார்த்து நண்பனே, “மச்சான், கல்யாணப் பத்திரிகை மாரி கீதுடா,” என்று வாயைப் பிளந்தான். அதற்கும் நிழல் வைத்தேன்.

ஓர் ஆண்டுக்குள் மை ஊறிப் பரவியது. தோல் உயிரோடு இருக்கிற வஸ்து என்பது என் பாதிப் புத்தகத்தில் இல்லை. கோடு தடிக்கும், சுழிக்குள் இருக்கிற வெளி அடைபடும், நிழல் எழுத்தைத் தின்னும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி கிடக்க இடம் விட்டிருக்க வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து புளி விற்கச் சந்தைக்கு இறங்குகிற பெண்களின் கைகளில் தள்ளித் தள்ளி வைத்த புள்ளிகள், கிழவியான பிறகும் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அவற்றைப் பார்த்து, “கலையே இல்லை,” என்று சொன்னவன் நான்.

எலவனாசூர்கோட்டைப் பக்கம் மரம் சாய்த்த அன்று, ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு நண்பன் திரும்பிக்கொண்டிருந்தான். பெயின்ட் டப்பாவோடு நான் அவன் வண்டியில் தொற்றிக்கொண்டிருந்தேன். டப்பாவைப் பார்த்ததும் போலீஸ் இருவரையும் வேனில் ஏற்றியது. மாடுகள் ஆளில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு தாமாகவே வீடு போய்ச் சேர்ந்தன. அவளுக்குச் சேதி சொன்னது அந்த மாடுகள்தான். எங்களைச் சாலைக்கு அனுப்பிய பேச்சாளர்கள் ஒருவரும் பிடிபடவில்லை. அவர்களுக்குக் கார் இருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களை அடைத்தார்கள். நண்பனுக்கு வலிப்பு நோய். தினமும் மாத்திரை போட வேண்டும். காவலுக்கு நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். “எல்லாருக்கும் உள்ள வந்தாதான் வலிப்பு வருது,” என்றான் ஒருவன். மறுநாள் காலை நண்பன் ஒரே இடத்தைப் பார்த்தபடி பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு வலிப்பு வருமுன் அப்படித்தான் இருக்கும்.

மாடி ஜன்னல் வழியே கேட்டைப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் மாத்திரை, இடுப்பில் தண்ணீர்ச் சொம்பு. மாமியார் படுத்த படுக்கை, ஆண்கள் வந்தால் அவர்களையும் பிடித்துப் போடுவார்கள். விசாரித்துக்கொண்டு தனியாகத்தான் வந்திருந்தாள்.

“புருசன் பேரு இன்னா?” என்றான் கான்ஸ்டபிள்.

கையை நீட்டினாள். அவன் அதை வெயிலுக்குத் திருப்பினான், தலைகீழாகத் திருப்பினான்.

“இன்னாமா இது, மசி கொட்டிக்கினியா? வாயில சொல்லு.”

“பேனா குடுங்க சார், எழுதிக் காட்டறேன்.”

“ஆமா, கலெக்டர் அம்மா எழுதப் போறாங்க. பேரச் சொன்னா உள்ள வுடுவேன், இல்லாங்காட்டி நின்னுக்கினே இரு.”

எனக்குள் அன்று மூண்டது இன்றும் அணையவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் மேல் கோபம். மாத்திரைக்கு முன்னால் பெயர் கேட்ட சர்க்கார் மேல் கோபம். தொண்டை கிழிய உரிமை கேட்ட எங்களில் ஒருவனுக்கும், நம் வீட்டில் ஒருத்தி ஒரு பெயரை உரக்கச் சொல்ல முடியாமல் நிற்கிறாளே என்று அதுவரை உறைக்கவில்லையே என்று எங்கள் மேலேயே கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ழுவின் வால் மேல்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்பன் பெயரைக் கத்தினேன்.

மண்டபம் முழுக்க, “வாழ்க!” என்றது.

விடியலிலிருந்து கோஷம் போட்டுப் பழகிய தொண்டைகள். மறுபடி கத்தினேன். “வாழ்க! வாழ்க!” பக்கத்தில் ஒருவர், “யாருங்க அவரு?” என்று கேட்க, இன்னொருவர், “நம்ம தலைவருதான், இது கூடத் தெரியாதா?” என்றார். என்னைவிட உரக்க அவரே கத்த ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கு ஓடி வந்தார். “யார்யா அந்தத் தலைவரு? பேர எழுது!” சத்தத்தில் ஒன்றும் புரியாமல் கான்ஸ்டபிள் பேனாவை எடுத்தான். அவள் அதைப் பிடுங்கினாள். அவன் கையிலிருந்த அட்டையிலேயே எழுதினாள். பள்ளிக்கூட எழுத்து: உருண்டையாக, பெரிதாக, ஒற்றைக் கோடு. இன்ஸ்பெக்டர் எட்ட நின்றே படித்துவிட்டார்.

“இவன்தானா? இறக்குங்கடா கீழ!”

தலைவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. அவன் வாயில் மாத்திரையைப் போட்டுச் சொம்பைச் சாய்த்தாள். வலிப்பு வரவில்லை. மீதி மாத்திரையை அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

நானும் பின்னாலேயே இறங்கி, “சார், அவன் தலைவர் இல்ல, வண்டிக்காரன்,” என்றேன்.

“நீ யாரு?”

“சுவத்துல எழுதறவன் சார்.”

“பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சுருள் சுருளா எழுதினது நீயா?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேஸ் போடலாம்னு பாத்தேன். இன்னா எழுதிக்கீதுன்னே தெரியல. போ.”

மாலையில் எங்கள் எல்லாரையும் விட்டுவிட்டார்கள். நான் சொன்னதை நம்பாமல் தலைவரை மட்டும் கடலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஒரு கோஷமும் போட்டறியாதவன், பேச்சாளர்களுக்குப் பதிலாக உள்ளே இருந்தான். அமாவாசை கழிந்து அவன் திரும்பிய நாளில் காரில் வந்து மாலை போட்டவர்கள் அவர்களேதான். நான் போகவில்லை. போயிருந்தால் அடித்திருப்பேன். அடித்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ள இன்றும் பிடித்திருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அடுத்த திருவிழாவில் வேறு கையில், ஒற்றைக் கோட்டில், பெரிதாக, நானே கூட நின்று எழுத வைக்கிறேன் என்றேன்.

“ஐயோ, நீங்க கூட வராதீங்கண்ணே,” என்றாள். “இனிமே பேனா கேப்பேன், குடுக்கலன்னா புடுங்குவேன்.” முன்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “இத இன்னான்னு கேக்கறவங்ககிட்ட தேளுன்னு சொல்லிடறேன். நம்பறாங்க. வாலு மட்டும் சரியா வரலன்றாங்க.”