நாலு தேதியில் ஒன்று

உள்ளறையிலிருந்து விசும்பல் கேட்டது. வெளியே தெரியக்கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழும் அழுகை. அக்காதான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த, அத்தானின் அலுவலக மேலாளர் காதில் விழாதவர்போல் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கணினியின்முன் இருந்த துருவியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

எதையும் தோண்டித் துருவிக் கேட்பவள் என்று அக்கா வைத்த பெயர், முப்பத்தெட்டு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்தவள் அக்கா. அக்காவைக் கட்டிய அத்தானோ, மச்சினிக்குத் தனி அறை ஒதுக்கி, முதல் கணினியையும் வாங்கித் தந்தவர். ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் வேலை அவள் கற்றது அதில்தான். பாலங்களுக்கு வரைபடம் போடும் தன் அலுவலகத்தில் அவளுக்கு வேலை பிடித்துக் கொடுத்தவரும் அவரே. சர்வரிலுள்ள ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் அளவையும் மாற்றிய தேதியையும் படித்துத் தினமும் பட்டியல் போடும் ப்ரோகிராமை எழுதிப் பராமரிப்பதே அந்த வேலை.

அந்தப் பட்டியலே இன்று அத்தானின் கழுத்துக்குக் கத்தியாக வந்திருந்தது!

"வெள்ளிக்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போட்ட வரைபடம் மேடம். அது உங்க அத்தான் பொறுப்புல இருந்தது. திங்கக்கிழமை பதினோரு மணிக்கு அதை மாத்தியிருக்கார். உங்க பட்டியலே சொல்லுது. 'இது சரி'ன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, கிளம்பிடறேன்," என்றார் மேலாளர்.

"நான் தொடவே இல்ல, குட்டி," என்றார் ஜன்னலோரம் நின்ற அத்தான். இருபத்திரண்டு வருட உழைப்பு. ஒரு வரியில் போய்விடுமா?

"ஒரு நிமிஷம் சார்."

துருவி தன் ப்ரோகிராமைத் திறந்தாள். ஒரு ஃபைலைப் பற்றிக் கேட்டால் சர்வர் நாலு தேதி சொல்லும். அது பிறந்தது ஒன்று. கடைசியாகப் படிக்கப்பட்டது ஒன்று. உள்ளே எழுதியிருப்பது மாறிய தேதிக்கு எம்-டைம் என்று பெயர். இன்னொன்று சி-டைம்; உள்ளே எதுவும் மாறாமல், யார் திறக்கலாம் என்ற அனுமதியை மட்டும் மாற்றினாலும் அது நகர்ந்துவிடும்.

மாற்றிய தேதிக்கு அவள் ப்ரோகிராமில் எழுதியிருந்தது சி-டைம். 'சி' என்றால் கன்டென்ட், அதாவது உள்ளே எழுதியிருப்பது, என்று என்றைக்கோ நினைத்துக்கொண்டதுதான். ஊரையெல்லாம் துருவியவள் இந்த ஓர் எழுத்தைத் துருவவில்லை.

சொன்னால் தன் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால்? விசும்பல் இன்னும் நிற்கவில்லை.

"தப்பு என்னோடது சார். நான் தப்பான தேதியை எடுத்துட்டேன்."

மேலாளர் மெல்லச் சிரித்தார். "அத்தானுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்களா? நல்ல மச்சினிதான்."

"என்னை நம்ப வேண்டாம். திங்கக்கிழமை பதினோரு மணிக்கு உங்க ஆபீஸ்ல என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? கையெழுத்தானதை யாரும் தொடக்கூடாதுன்னு எல்லாத்தோட அனுமதியையும் மாத்திப் பூட்டச் சொன்னேன்..." அவர் பேச்சு பாதியில் நின்றது.

துருவி பட்டியலை முழுதாக நகர்த்திக் காட்டினாள். நாற்பது வரைபடங்கள். நாற்பதிலும் அதே திங்கள், அதே பதினோரு மணி.

"நாப்பதையும் ஒரே நிமிஷத்துல அத்தானா மாத்தினார்? அவர் டீ குடிக்கவே அரைமணி ஆகும் சார்."

அத்தானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை கையெழுத்தான உடனே உங்களுக்கு மெயில்ல வந்த பிரதி இருக்குமே? அதைத் திறங்க."

அவர் ஃபோனில் திறந்து அவளுக்கு அனுப்பினார். அவள் இரண்டையும் ஒப்பிட்டாள். ஒரு பைட்கூட வேறுபடவில்லை. சர்வரிலிருந்த வரைபடத்தின் எம்-டைமும் வெள்ளி மாலையையே காட்டியது.

மேலாளர் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு எழுந்து அத்தானின் கையைப் பிடித்தார். "மன்னிச்சுக்கோங்க சார். நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க."

துருவியிடம் திரும்பியபோது குரல் மாறியது. "ஆனா இனிமே இந்த வேலையை வேற ஆள்தான் பார்க்கணும் மேடம்."

"பார்க்கட்டும் சார். அவங்ககிட்ட அந்த எழுத்தை மட்டும் சொல்லிடறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வீங்கிய கண்களோடு வந்த அக்கா தங்கையின் தலையில் கை வைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு போய்க் கதவைச் சாத்தினாள்.