கருப்புத் திரையில் கெட்டிமேளம்

அக்காவின் கழுத்தில் தாலி ஏறியதை அம்மா பார்க்கவில்லை. வெளியூரில் எங்கும் இல்லை, மகாபலிபுரத்தில் அதே மண்டபத்தில்தான் இருந்தாள், பின்பக்கச் சாமான் அறையில். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மணவறைப் பக்கம் வராதே என்று அவளிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகூர்த்தம் நெருங்கும்போது அத்தை வந்து சாமான் அறைச் சாவியை அவள் கையில் வைத்து, "தேங்காயெல்லாம் எவனாச்சும் தூக்கினு பூடுவான், நீ கொஞ்சம் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்த்தார்கள். பெற்றவள் தேங்காய்க்குக் காவல் இருந்தாள்.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அக்கா புனேவுக்குக் குடித்தனம் போய்விட்டாள். கல்யாண வீடியோ மாப்பிள்ளை வீட்டில் இருந்தது. கேட்கும்போதெல்லாம் "தரோம், தரோம்" என்றார்கள். கடைசியில் அத்தானின் நண்பர் ஒருவர் அதை ஒரே சிடியில் அடங்கும்படி சுருக்கிக் கொடுக்க, அக்கா கூரியரில் அனுப்பினாள். சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் தெருவிலிருந்த எந்த சிடி பிளேயரும் அதை எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில்தான் ஓடும் என்றார்கள். நான் அப்போது செங்கல்பட்டில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. "வாம்மா, அக்கா கல்யாணத்த காட்டறேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டேன். சத்துணவுக் கூடத்தில் சமையலை முடித்துவிட்டு, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பிளைவுட் தடுப்புக்குள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சிடியைப் போட்டேன். நாதஸ்வரம் கேட்டது, படம் வரவில்லை. திரை கன்னங்கரேலென்று இருந்தது. இந்த மாதிரி வீடியோவுக்கு 'கோடெக்' என்று ஒன்று வேண்டும். அது இல்லாத கம்ப்யூட்டரில் சத்தம் மட்டும்தான் வரும். அதை இன்ஸ்டால் செய்யப் போனால், அட்மினிஸ்ட்ரேட்டருக்கு மட்டுமே அனுமதி என்று சொல்லிவிட்டது. கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அதெல்லாம் லாக் பண்ணி கீதும்மா. கண்டதயும் போட்டு வைரஸ் ஏத்திட்றாங்க."

"பாஸ்வேர்டு போட்டு எடுத்து வுடுங்கண்ணா."

"எனக்கே தெரியாது. தாம்பரத்துலேர்ந்து சர்வீஸுக்கு வர்ற ஆளு போட்டது."

கடை அவருடையது, கம்ப்யூட்டர் அவருடையது, பூட்டு மட்டும் வேறு யாருடையதோ. சாமான் அறை விஷயமும் இப்படித்தான். அத்தையைக் கேட்டால் பெரியவங்க சொன்னது என்பாள். பெரியவர்களைக் கேட்டால் ஊர் வழக்கம் என்பார்கள். பூட்டைப் போட்டவனைத் தேடினால் மட்டும் ஆள் அகப்படவே மாட்டான்.

இதற்குள் கருப்புத் திரையில் கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"இது அன்னிக்கே கேட்டுச்சிடி. அந்த ரூமுக்குள்ள நல்லாவே கேட்டுச்சி. வா, பஸ்ஸு பூடும்."

திருக்கழுக்குன்றம் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஒரு மிஷின்கூட என் அம்மாவை மறுபடியும் சாமான் அறையிலேயே உட்கார வைக்குமா? அந்தப் படத்தை அவளுக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று எனக்கு வீம்பு பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு கண்ணில் பட்ட கம்ப்யூட்டரையெல்லாம் நோண்டினேன். கல்லூரி லேபிலும் பூட்டு, தோழியின் மாமா வேலை பார்த்த ஆபீஸிலும் பூட்டு. கடைசியில் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி ஒன்றை அந்தத் தோழியே கொடுத்தாள். அதில் ஒரு பிளேயர் இருந்தது. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து, டபுள் கிளிக் செய்தால் போதும். கோடெக்கெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. அட்மின், பாஸ்வேர்டு எதையும் கேட்கவில்லை. லேபில் அது ஓடியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டை எப்படித் திறப்பது என்று இத்தனை நாள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்காமல் உள்ளே போகலாம் என்று தோன்றவே இல்லை.

அம்மா வரமாட்டேன் என்றாள். "சத்தம் கேக்கறதுக்கா அவ்ளோ தூரம்?" இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை வேலைக்குக் கட்டும் புடவைதான்.

அதே கடை, அதே கம்ப்யூட்டர். அக்கா பளிச்சென்று திரையில் வந்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோக்காரர் தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, சுற்றிலும் ரோஜாப்பூவைச் சுழலவிட்டிருந்தார்.

"எத்தினி தபாடி கட்டுவாரு?" என்று சிரித்தாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

தாலி ஏறுவதற்குச் சற்று முன்னால் அக்கா தலையைத் திருப்பி மண்டபத்தின் பின்பக்கம் பார்க்கிறாள். பெரியம்மா அவள் மோவாயைப் பிடித்து நேராகத் திருப்புகிறாள்.

"யாரத் தேடறா?"

"உன்னத்தாம்மா."

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு, "இன்னொரு தபா போடு" என்றாள். போட்டேன். மேளச் சத்தம் கேட்டுக் கடைக்காரர் வந்துவிட்டார்.

"ஏம்மா, இன்னாத்த ஏத்தின இதுல? நிறுத்து மொதல்ல!"

எதையும் ஏற்றவில்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா திரும்பினாள். சத்துணவு வரிசையில் முண்டியடிக்கும் பிள்ளைகளை அதட்டும் குரல் அது. அந்தக் குரலை வீட்டு மனிதர்களிடம் அவள் காட்டி நான் பார்த்ததில்லை.

"இரு நைனா. எம் பொண்ணு கல்யாணம் பாத்துகினு கீறேன்."

அவர் திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சில வருஷம் கழித்து என் கல்யாணம், அதே மண்டபத்தில். முகூர்த்த நேரத்துக்கு அத்தை அந்தச் சாவியோடு வந்தாள். அம்மா அதை வாங்கி அத்தையின் இடுப்பிலேயே செருகினாள்.

"தேங்கா போனா போவுது. இதயும் நான் சிடில பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு மணவறைக்கு வந்து என் எதிரிலேயே நின்றாள். பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். "அம்மா, மறைக்குது, கொஞ்சம் நவுருங்க" என்று வீடியோக்காரர் கத்தினார். அம்மா நகரவில்லை.

என் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சி கிடையாது. அந்த இடத்தில் அம்மாவின் முதுகுதான் இருக்கிறது.