டிஸ்கில் எடம் நிறைஞ்சிருக்குங்க

பல்லடம் ரோட்டில் இருந்த அந்த ஸ்பின்னிங் மில்லுக்குள் வேலாத்தாள் நிம்மதியாக மூச்சு விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அது கம்ப்யூட்டர் ரூம்.

அதற்கு முன்னால் அவள் கோன் வைண்டிங்கில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் பஞ்சுத் தூசியைக் குடித்துக் குடித்து நெஞ்சில் இழுப்பு வந்து ஒட்டிக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்தால் நல்லூர் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வருவதற்குள் கண் சொருகிப்போகும். படித்தது பத்தாவதுதான் என்றாலும் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். அந்த ஒரு காகிதம் அவளைக் கைதூக்கிவிட்டது. முதலாளி குமாரசாமி கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டதும், தட்டுவதற்கு ஆள் தேடியபோது மில்லில் வேறு யாருக்கும் விரல் ஓடவில்லை. ஏசி போட்ட அறை, இரட்டைக் கதவு, பஞ்சு ஒரு இழைகூட உள்ளே வராது. அங்கே போன ஒரு மாதத்திலேயே இழுப்பு நின்றுபோனது.

முதலாளி கம்ப்யூட்டர் வாங்கியது பவுசுக்காக அல்ல. மில்லில் நூல் லாட் லாட்டாக வெளிவரும். ஒரு லாட்டின் பஞ்சு வேறு, இன்னொன்றின் பஞ்சு வேறு. இரண்டையும் கலந்து பனியன் நெய்துவிட்டால் வெள்ளையாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. சாயத்தில் போட்டு எடுத்ததும் பட்டை பட்டையாகப் பல்லை இளிக்கும். திருப்பூர்க்காரர்கள் அந்தத் துணியைக் கொண்டுவந்து மில் வாசலில் விரித்துப்போட்டுக் கத்துவார்கள். எந்த லாட் குடோனில் எந்த வரிசையில் கிடக்கிறது என்பதை இனிமேல் மெஷின் சொல்லட்டும் என்பதுதான் முதலாளியின் எண்ணம். ஆனால் கெட்டிக்காரர். "கோடை முடியற வரைக்கும் பார்க்கலாம். சரிப்படலைன்னா திருப்பி அனுப்பீரலாம். அந்தப் புள்ளையும் வைண்டிங்குக்கே போகட்டும்" என்று மேனேஜர் ஞானசம்பந்தத்திடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். அது வேலாத்தாள் காதிலும் விழுந்திருந்தது.

எழுபத்தொன்பது கோடையில், ஒரு திங்கட்கிழமை காலையில், மெஷின் படுத்துவிட்டது.

புது லாட் ஒன்றை அவள் தட்டிக்கொண்டிருந்தபோது, பாதியில் கட்டுக்கடங்காமல் ஏதேதோ எழுத்துகளை அச்சடித்துவிட்டு அப்படியே நின்றது. திரும்பக் கிளப்பிப் பார்த்தால் பழைய லாட்டுகளில் பாதிக்குமேல் பேரே இல்லை. வாசலில் நூல் ஏற்ற லாரிகள் வந்து நிற்கின்றன. குடோன் சின்னான் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "எந்த மூட்டையைத் தூக்கறதுங்க?" என்றான். முதலாளி அறைக்குள் வந்து மெஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள இது வாயைத் தொறக்கோணும். இல்லாட்டி இன்னைக்கே மூட்டை கட்டியாச்சு" என்றார். வேலாத்தாளுக்கு இல்லாத இழுப்பு இப்போதே வந்துவிடும்போல இருந்தது.

நல்லவேளையாகக் கம்பெனி இன்ஜினியர் நாகராஜ ராவ் அன்று கோயமுத்தூரில்தான் இருந்தார். போன் போட்டதும் காரில் வந்து இறங்கினார். பெங்களூர்க்காரர். தமிழை மெட்ராஸில் படித்து வைத்திருந்தார், இலக்கணம் தவறாத தமிழ். லாட்டுகளின் பேர்ப்பட்டியலே டிஸ்கில் சிதைந்து கிடந்ததால் மெஷினிடம் எதைக் கேட்டாலும் உளறியது. ஆகவே அவர் ஆளிடம் கேட்டார்.

"டிஸ்கில் இடம் இருக்கிறதா, அம்மா?"

"எடம் நிறைஞ்சிருக்குங்க சார்" என்றாள் வேலாத்தாள். சனிக்கிழமையே மெஷின் அப்படித்தான் எச்சரிக்கை அடித்திருந்தது. அதைச் சொல்லிவிட்ட திருப்தியில் நகர்ந்து நின்றாள்.

"நல்லது" என்றார் ராவ். மெஷினின் மூடியைக் கழற்றினார்.

பிறகு நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். நூல் மில் என்றாலே பஞ்சுதான் எதிரி என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், விசிறியைத் துடைத்தார், வோல்டேஜ் பார்த்தார், டிஸ்க் சுழலும் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏசி அறையிலும் சட்டை நனைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பூட்டி, "இப்போது ஒரு லாட் போடுங்கள்" என்றார். வேலாத்தாள் தட்டினாள். மெஷின் பாதியில் மறுபடியும் உளறி நின்றது. எழுப்பிப் பார்த்தால் மிச்சமிருந்த பேர்களிலும் ஒரு கொத்தைக் காணோம். ஞானசம்பந்தம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வாசலில் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை.

"சாப்பிட்டுவிட்டு யோசிப்போம்" என்றார் ராவ். குரலில் சுருதி இல்லை.

மில் கேண்டீனில் கருப்பாத்தாள்தான் பரிமாறினாள். ராவுக்கு ரசம் பிடித்துப்போய்விட்டது. எதிர் பெஞ்சில் வேலாத்தாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் இறங்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கிறதா?" என்று கேட்டார் ராவ்.

"ரசம் நிறைஞ்சிருக்குங்க சாமி" என்றாள் கருப்பாத்தாள்.

ராவ் சிரித்த முகத்துடன் தட்டை நீட்டினார். கருப்பாத்தாள் நின்றாள். அவரும் நீட்டியபடியே இருந்தார். அவள் வெறும் வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"அதானுங்க, நிறைஞ்சிருக்குதுங்களே!" என்றாள் அவள் பரிதாபமாக.

வேலாத்தாள் சோற்றுக்கையோடு எழுந்துவிட்டாள். அரிசியோ உப்போ எண்ணெயோ, தீர்ந்துபோச்சு என்று அவர்கள் வீடுகளில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் வீட்டுக்கு ஆகாது. நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்வார்கள், கேட்கிறவர்கள் கடைக்குப் பை எடுப்பார்கள். காலையில் மெஷினுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்ட கையோடு, மில்லுக்கு முதன்முதலாக வந்த மனிதரிடம் அவள் அதே பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன நினைத்திருப்பார்? தாராளமாக இருக்கிறது என்றுதானே!

"சார்! எடம் இல்லீங்க சார்! டிஸ்கில் எடம் சுத்தமா இல்லீங்க! தீந்துபோச்சுங்க!"

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. ராவ் நீட்டிய தட்டோடு அவளையே பார்த்தார். பிறகு கருப்பாத்தாளின் காலி வாளியைப் பார்த்தார். "அட தேவரே!" என்று கன்னடத்தில் கத்தினார். இரண்டு பேரும் கை கழுவியும் கழுவாமலும் ஓடினார்கள்.

இடம் இல்லை என்று தெரிந்ததும் மற்றது மளமளவென்று பிடிபட்டது. புது லாட்டை எழுத இடம் இல்லாமல் மெஷின் பாதியில் திணறியிருக்கிறது. திணறிய இடத்தில் பேர்ப்பட்டியலையும் அரைகுறையாக எழுதிக் குதறிவிட்டது. "பேர்தான் போயிருக்கிறது. லாட் விவரமெல்லாம் டிஸ்கில் அப்படியே இருக்கும்!" என்றார் ராவ். அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. இன்னொரு டிஸ்கை மாட்டி, அதிலிருந்து ஒரு புரோகிராமை ஏற்றி, இந்த டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் வாசிக்க வைத்தார். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளியது. அடித்த தாளில் ஒவ்வொரு லாட்டும் பத்துத் தடவை, இருபது தடவை வந்தது.

"இத்தனை நகல் எப்படி?" என்று ராவ் புருவத்தைச் சுருக்கினார். "மாலையில் பட்டியல் அடிக்கும்போது புரோகிராம் ஒரு நகல் எடுக்கும். முடிந்ததும் தானே அழித்துவிடும்."

"முடியறதுக்கு விட்டாத்தானுங்க? தினம் சாயங்காலம் கரண்டு போயிருதுங்களே!"

ராவ் நெற்றியில் அடித்துக்கொண்டார். கரண்டு போன ஒவ்வொரு மாலையும் ஒரு பாதி நகல் டிஸ்கிலேயே தங்கி, கோடை முழுக்கச் சேர்ந்து இடத்தை அடைத்துவிட்டது. நகல்களை அழித்தால் போதும். ஆனால் எது நகல், எது அசல்? தவறி அசலை அழித்துவிட்டால் அந்த மூட்டை குடோனில் அநாதையாகிவிடும்.

வேலாத்தாள் தாளை இழுத்து விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு கட்டு ஏறுவரிசையில், நம்பர் பிசகாமல் போய் நடுவில் அறுந்தது. இன்னொரு கட்டு தாறுமாறாக இருந்தது. மூட்டை எந்த வரிசையில் குடோனுக்கு வந்ததோ அந்த வரிசையில்தானே அவள் தட்டினாள்! நம்பர்ப்படி அடுக்கி வைத்தது மெஷினின் நகல் வேலை.

"கலைஞ்சு கிடக்கறதுதானுங்க சார் அசல். அதை நாந்தான் தட்டினேன். அடுக்கா இருக்கறதை அழிச்சிருங்க."

"நிச்சயமாகவா?"

"நிச்சயமுங்க" என்றாள்.

ராவ் அழித்தார். பட்டியலை மறுபடியும் கட்டினார். அறைக்குள் இப்போது முதலாளியும் வந்து நின்றிருந்தார். பிரிண்டர் முதல் லாட்டை அடித்தது. நம்பர், நூலின் கவுண்ட், குடோனில் வரிசை. சின்னான் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். குடோன் பக்கமிருந்து அவன் போட்ட கூச்சல் இரட்டைக் கதவையும் தாண்டி வந்தது.

"இருக்குதுங்க! சொன்ன எடத்துலயே இருக்குதுங்க!"

வேலாத்தாள் கைகொட்டிக் கத்தினாள். மில்லுக்குள் அவள் கத்தி ஒருத்தரும் கேட்டதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்கள் போயின, மூட்டைகள் ஏறின. கடைசி லாரி கேட்டைத் தாண்டியபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

முதலாளி ராவைக் கேட்டார். "இனியும் இப்படிப் படுத்துக்குமாங்க?"

"கரண்டு போன மறுநாள் காலையில் பாதி நகலைப் பார்த்து அழித்துவிட்டால் படுக்காது. அதற்கு அசல் எது என்று தெரிந்த ஆள் வேண்டும்" என்றார் ராவ். சொல்லிவிட்டுத் தன் டிஸ்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

முதலாளி மெஷினின் சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"ஏனுங்க ஞானசம்பந்தம், இந்த அம்மிணி பேரு இன்னும் வைண்டிங் ரிஜிஸ்டர்லதானே கிடக்குது? அதை அழிச்சிருங்க."

ஞானசம்பந்தம் தலையாட்டினார். வேலாத்தாள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, காலையில் பாதியில் நின்றுபோன லாட்டைத் தட்ட உட்கார்ந்தாள்.