கடைசி வரி போன கல்யாணச் செய்தி

"மாப்பிள்ளையை எங்கன வச்சுப் பிடிச்சாக? எத்தனை மணிக்கு? பாத்த ஆளு யாரு?"

காதில் செருகிய பேனாவை உருவியபடி அபிதா விசாரிக்கிறாள். எதிரே கைகட்டி நிற்பவர்கள் திருடர்கள் அல்லர், மாப்பிள்ளையின் கூட்டாளிகள். நாளிதழ்ச் செய்தி மாதிரி ஒரு ஃபிளக்ஸ் அடித்து மாப்பிள்ளை மானத்தை வாங்காவிட்டால் சங்கரன்கோவில் பக்கம் கல்யாணம் களைகட்டாது. ஆதம் பாயின் ஃபிளக்ஸ் கடையில் அந்தச் செய்திகளைத் தன் பெயர் போடாமல் எழுதுபவள் அபிதா. சென்னையில் இதழியல் படித்தவள்.

"என் கூடப் படிச்ச ப்ரியதர்ஷினி நகைக்கடைக்கு ரீல்ஸ் எழுதுதா. சாம்சன் இன்சூரன்ஸுக்கு ஆள் பிடிக்கான். இன்னும் செய்தி எழுதுதவ நான் ஒருத்திதான். காலேஜ் சுவத்துல என் போட்டோவை மாட்டணும்" என்பாள். சொல்லிவிட்டு முதல் ஆளாகச் சிரித்தும்விடுவாள். அடுத்தவர் முந்திக்கொண்டால்தான் வலிக்கும்.

பொய்ச் செய்தியிலும் அவள் கறார். மாப்பிள்ளையின் வயதைக் கூட்டாளி சொன்னால் போதாது, அவன் அக்காளுக்கும் போன் போட்டுக் கேட்பாள்.

"ஏம்மா, கல்யாண ஃபிளக்ஸுக்கு எதுக்கு சிபிஐ விசாரணை?" என்று ஆதம் பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

இடம் போதாவிட்டால் பத்திரிகையில் கடைசி வரிகளைத்தான் வெட்டுவார்கள், ஆகவே முக்கியமானதை முதலில் சொல் என்பது கல்லூரிப் பாடம். ஃபிளக்ஸை யார் வெட்டப்போகிறார்கள்? அபிதா பாடத்தை மீறினாள். தலைப்பில் பயமுறுத்தி, வேடிக்கையைக் கடைசி வரிக்கு ஒளித்துவைப்பாள்.

போன வைகாசியில் வசமாக மாட்டிக்கொண்டாள். பனவடலிசத்திரம் கோமதிசங்கருக்கு அவள் எழுதிய தலைப்பு: 'நீண்டநாள் தேடப்பட்ட வாலிபர் கைது'. வயது, தெரு, பிடிபட்ட பஸ் ஸ்டாப் எல்லாம் சுத்தம். 'கைது செய்தவர்: மணமகள் கனகலட்சுமி' என்பது கடைசி வரி. யாரோ போனில் படம் எடுத்தபோது அந்த வரி மட்டும் விடுபட்டது. மிச்சச் செய்தி வாட்ஸ்அப் ஏறி குருவிகுளம் போய், பெண்ணின் தாய்மாமன் வேல்சாமி கையில் இறங்கியது.

முகூர்த்தத்துக்குப் பெண்ணை அழைத்துவந்த வேனை அவர் மண்டப வாசலிலேயே மறித்துவிட்டார். வாசலில் கட்டியிருந்த ஃபிளக்ஸின் கடைசி வரியை மாப்பிள்ளை வீட்டார் காட்டினால், "கேஸை மறைக்க இப்பத்தான் சேத்திருக்கீக" என்றார். அபிதாவை பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

"அம்புட்டும் பொய் அண்ணாச்சி. எழுதுனது நாந்தான்."

"பொய்யின்னா பஸ் ஸ்டாப் பேரு மொதக்கொண்டு யாரு எழுதுவா? படிச்சா பேப்பர்காரன் எழுதுன மாதிரில்லா இருக்கு!"

கல்யாணம் நிற்கப்போகிற அந்த நேரத்திலும் அபிதாவுக்குப் பாழாய்ப்போன சந்தோஷம் ஒன்று வந்து தொலைந்தது. காதோரம் சூடானது.

"அதைத்தான் அண்ணாச்சி படிச்சேன். வேற வேலை தெரியாது. என் கிறுக்குத்தனத்துக்கு அந்தப் பிள்ளையை வேன்ல உக்கார வைக்காதீக."

வேல்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்யின்னு அதுலயே எழுது."

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, மார்க்கர் வந்தது. அபிதா ஏறி, தலைப்புக்கும் மேலே எழுதினாள்: 'கீழே உள்ள செய்தி முழுப் பொய். மாப்பிள்ளை மீது எந்த வழக்கும் இல்லை. வருந்துகிறேன்.'

வேல்சாமி கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். "வருந்துதது யாரு? பேரைப் போடும்மா."

அபிதா பெயரைப் போட்டாள். அவர் வேன் கதவைத் திறக்கப் போனார். மேளம் தொடங்கிவிட்டது. நாற்காலியிலிருந்து இறங்காமல், மை கலைந்துவிடாதபடி தன் பெயரை மட்டும் மெல்ல ஊதிக்கொண்டு நின்றாள்.